வீடு தேடி: மரம் வேறு, துவக்கு வேறு



இந்தப் பத்தியில் வழக்கமாகத் தையல், கோழி வளர்ப்பு, சிறுகடன், பிள்ளைகளின் படிப்பு என்று எழுதி வருகிறேன். இந்த மாதம் எழுதப்போவது சற்று வேறான ஒரு கைவேலையைப் பற்றி. காற்றுத் துவக்கின் மரக்கட்டையைச் செதுக்கி, மினுக்கி, வர்ணம் பூசுகிற வேலை அது. "துவக்கா? அந்தப் பேச்சே வேண்டாம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களில் பலருக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை நேரம் எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது.

"மிஸ், ஒருக்கா வீட்டுப் பக்கம் வந்திட்டுப் போங்கோ. இவன் உள்ளுக்குத் துவக்கு செய்யிறான். நான் வெளியிலதான் இருக்கிறன்."

பேசியவர் எங்கள் பெண்கள் குழுவில் இருக்கும் ஓர் அக்கா. வத்தேகமவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தை அண்டிய கிராமம் ஒன்றில் இருக்கிறார். அவருடைய பெற்றோர் மலையகத்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பின் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கிளிநொச்சிப் பக்கம் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள். இவர் பிறந்ததும் வளர்ந்ததும் திருமணம் முடித்ததும் வன்னியில்தான். 2009இல் கணவரை இழந்தார். மூன்று வயது மகனோடு செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, பிறகு தாயின் உறவினரைத் தேடிக் கண்டிப் பக்கம் வந்தார். பெற்றோர் பயந்து ஓடிய இடத்துக்கே மகள் பயந்து திரும்பி வந்தார். எங்கள் மலையக மக்களில் எத்தனையோ குடும்பங்களின் கதை இதுதான்.

நான் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா பலா மரத்தின் கீழ் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. வீட்டுக்குள் வரும்படி அழைத்தும் வரவில்லை. வாசற்படியருகே நிலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது அந்தத் துவக்கு. அதன் மரக்கட்டையில் பாதி வரை பச்சையும் மண்ணிறமும் திட்டுத் திட்டாகப் பூசப்பட்டிருந்தது.

மகனுக்கு இப்போது 19 வயது. கட்டுகஸ்தோட்டையில் ஒரு தளபாடக் கடையில் பொலிஷ் வேலை பழகுகிறான். நல்ல பிள்ளை. என்னைக் கண்டதும் எழுந்து நின்றான்.

"மிஸ், இது எயார் ரைபிள். பெரிய துவக்கு இல்லை. மேல் வீட்டு அங்கிள் குரங்கு கலைக்க வைச்சிருக்கிறார். கட்டை வெடிச்சுப் போச்சு என்று தந்தவர். நான் மரத்தை மட்டும்தான் செய்யிறன். அம்மாட்ட சொல்லுங்க மிஸ்."

குரங்கும் காற்றுத் துவக்கும்

கண்டிப் பக்கத்தில் தோட்டம் செய்கிறவர்களுக்கு நான் குரங்குத் தொல்லையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. தேங்காய்க் குரும்பை, போஞ்சி, கத்தரி, வாழைக்குலை ஒன்றும் மிஞ்சுவதில்லை. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியிலிருந்து 5 நிமிடம் நாடு முழுவதும் மக்கள் தங்கள் வளவுக்கு வரும் குரங்கு, மந்தி, மரஅணில், மயில் ஆகியவற்றை எண்ணி எழுதிக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த அளவுக்கு இது நாட்டுப் பிரச்சினையாகிவிட்டது.

காற்றுத் துவக்கில் வெடிமருந்து இல்லை. உள்ளே இருக்கும் வலுவான சுருள்வில் விடுபடும்போது காற்றை அமுக்குகிறது. அந்தக் காற்று சின்ன ஈயக் குண்டைத் தள்ளிவிடுகிறது. குண்டு பெரும்பாலும் 4.5 அல்லது 5.5 மில்லிமீற்றர் அகலம் இருக்கும். இது விளையாட்டுச் சாமான் அல்ல. கண்ணில் பட்டால் கண் போய்விடும். கிட்ட நின்று சுட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதன் மரக்கட்டைதான் ஆள் அணைத்துப் பிடிக்கும் பகுதி. ஒரு கை முன்னால் தாங்கும், மற்றக் கை ஒடுங்கிய கழுத்தைப் பிடிக்கும், அகன்ற அடிப்பகுதி தோளில் பதியும், கன்னம் மேலே படியும். அந்தக் கழுத்துப் பகுதிதான் முதலில் வெடிக்கும். மரத்தின் ரேகை கழுத்தின் நீளப்பாட்டுக்கு ஓடாமல் குறுக்கே ஓடினால் அந்த இடத்தில் முறிந்துவிடும் என்று அந்தப் பிள்ளை எனக்கு விளக்கினான். கடையில் கழித்துவிட்ட மஹோகனித் துண்டு ஒன்றில் ரேகை பார்த்து, அளவு பார்த்து, புதிதாக வெட்டியிருந்தான். ஆளுக்கேற்ற நீளம் எப்படி எடுப்பது என்றும் காட்டினான். முழங்கையை மடித்து, அந்த மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளக்க வேண்டுமாம். உடுப்புத் தைக்க அளவெடுப்பது போலத்தான்.

கூலியாக 6,000 ரூபா பேசியிருந்தார்கள். அந்த வீட்டுக்கு அது சிறிய தொகை அல்ல. வர்ணம் மட்டும் உடமைக்காரர் கேட்டபடி, "ஆமிக் கலர்".

நான் செய்த தவறு

உண்மையைச் சொல்கிறேன், நான் முதலில் மகன் பக்கம்தான் நின்றேன். ஒரு வேலை கற்ற பிள்ளை, நேர்மையாக உழைக்கிறான். தாயின் பயத்துக்காக அந்தத் திறமையை ஏன் கெடுக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் மரத்தடியில் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, கண்டியின் பழைய கதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன்.

நாம் வாழும் இந்த மண்ணில் துவக்குக் கட்டை செய்வது பெரிய கலையாக இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வந்த பிறகு இந்நாட்டுக் கைவினைஞர் துவக்குச் செய்யக் கற்று, கற்பித்தவரையே மிஞ்சினார்கள். சிங்களத் துவக்கின் அடிக்கட்டை இரண்டாகப் பிரிந்து சுருள் போல வளைந்திருக்கும். அதில் பூங்கொடி செதுக்கி, தந்தமும் வெள்ளியும் பதிப்பார்கள். 1765இல் ஒல்லாந்தர் படை கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது அப்படிப்பட்ட ஆயுதங்களையும் அள்ளிக்கொண்டு போனது. அப்போது அரசராக இருந்தவர் மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அந்தக் காலத்தில் போனவற்றில் 6 பொருட்களை நெதர்லாந்து 2023இல் இலங்கைக்குத் திருப்பித் தந்தது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்த ஒரு பீரங்கி, இரண்டு வாள், ஒரு கத்தி, இரண்டு பெரிய துவக்குகள். அந்தப் பெரிய துவக்கைச் சிங்களத்தில் 'மஹா துவக்கு' என்கிறார்கள். பாருங்கள், துவக்கு என்ற சொல்லில்கூட இரண்டு மொழிக்கும் வித்தியாசமில்லை.

இவற்றையெல்லாம் நாம் அறிவதற்கு ஒரு காரணம் கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர். கனிப்பொருள் ஆய்வு அதிகாரியாகக் கண்டிக் கிராமங்களில் திரிந்தபோது, அழிந்துகொண்டிருந்த கைவேலைகளைக் கண்டு, 'மத்தியகால சிங்களக் கலை' என்ற பெரிய நூலை 1908இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிராமம் கிராமமாகச் சென்று அதற்குப் படம் பிடித்தவர் அவருடைய மனைவி எதெல்.

கடைசியாக, பிள்ளை தன் தொலைபேசியில் காட்டிய ஒரு படத்தையும் சொன்னேன். காற்றுத் துவக்குச் சுடுதல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் உள்ள போட்டி. 1984இலிருந்து நடக்கிறது. டோக்கியோவில் இலங்கையின் தெஹானி எகொடவெல கலந்துகொண்டார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் இந்தியாவுக்காகச் சுட்டார். அந்தப் பெண்களின் துவக்குக் கட்டையிலும் கன்னம் வைக்கும் இடம், தோளில் பதியும் தட்டு எல்லாம் அவரவர் உடம்புக்கேற்ப மாற்றி அமைக்கப்படும்.

அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"மிஸ், நீங்க சொல்லுறது எல்லாம் சரி. சுடுற பக்கத்துக்கு நான் பயப்பிடேல்லை. எனக்கு இந்த மரப்பக்கத்துக்குத்தான் பயம்."

சொல்லிவிட்டுச் சட்டைக் கையை விலக்கித் தோள்பட்டையைக் காட்டினார். எலும்பு ஒரு பக்கம் மேடாகப் பொருந்தியிருந்தது. துவக்கின் அடிக்கட்டையால் விழுந்த அடி. எந்த ஆண்டு, எந்த இடம், அடித்தது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏழெட்டு வருடமாக ஒரே குழுவில் இருக்கிறோம். அவர் அந்தக் கையை உயர்த்தித் தலை வாருவதில்லை என்பதைக்கூட நான் அன்றுவரை கவனித்திருக்கவில்லை.

வரலாறு பயத்துக்கு மருந்தல்ல

அன்றிரவு வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் கட்டை எனக்குக் கலைப்பொருள், மகனுக்குத் தொழில், தோட்டக்காரருக்குக் கருவி. அக்காவுக்கு அது தன் எலும்பை உடைத்த சாமான். நாலு பேரும் ஒன்றைத்தான் பார்த்தோம். ஆனால் அதன் பாரத்தைச் சுமந்தவர் ஒருவர் மட்டுமே.

சகோதரிகளே, இதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். போரைக் கண்ட உடம்பு தனக்கென்று ஒரு ஞாபகம் வைத்திருக்கும். ஒரு நிறம், ஒரு வாசம், ஒரு சத்தம் போதும். "இது எயார் ரைபிள்தான்" என்று புத்திக்குத் தெரியும். ஆனால் கை நடுங்கும், வியர்க்கும், மூச்சு முட்டும், கால் வெளியே ஓடச் சொல்லும். இது பைத்தியமும் அல்ல, பலவீனமும் அல்ல. "இத்தனை வருஷமாச்சு, இன்னுமா?" என்று யாரும் கேட்கக்கூடாது. நித்திரை கெட்டு, சாப்பாடு இறங்காமல் நாட்கணக்கில் தொடர்ந்தால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பது போலத்தான் இதுவும்.

மகன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2009இல் அவன் மூன்று வயதுக் குழந்தை. தாய் சொன்னாலொழிய அவனுக்கு எப்படித் தெரியும்? தாய் சொல்லவில்லை. பிள்ளையின் மனதில் நஞ்சு ஏறக்கூடாது என்று மறைத்தே வளர்த்தார். அதனால் "அம்மா ஏன் சும்மா சும்மா பயப்படுறா" என்று அவன் நினைத்தான். இப்படி எத்தனை வீடுகளில் தாயும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் வேறு வேறு உலகத்தில் இருக்கிறார்கள்!

நாலு ஆணி

அடுத்த நாள் நான் மறுபடியும் போனேன். இந்த முறை கதை எதுவும் சொல்லவில்லை. பிள்ளையிடம் ஒரு கேள்வி மட்டும் கேட்டேன்: "தம்பி, இந்த மரத்தையும் இரும்பையும் கழற்ற முடியுமா?"

"கழற்றலாம் மிஸ். நாலு திருகாணிதான்."

"அப்போ இரும்பு ஏன் இந்த வீட்டில் இருக்கிறது?"

அவன் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அம்மாவுக்குத் தோளில் என்ன நடந்தது என்று நீங்க அறிஞ்சனீங்களா மிஸ்?" என்று கேட்டான். "அதை நீ அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்" என்றேன். அன்றைக்கோ பிறகோ கேட்டிருக்கிறான். என்ன பேசினார்கள் என்பது அவர்களுக்குள் இருக்கட்டும்.

அன்று மாலையே நானும் அவனும் மேல் வீட்டுக்குப் போனோம். தோட்டக்காரர் அறுபது வயது தாண்டிய சிங்கள ஐயா ஒருவர். முன்னறைச் சுவரில் இராணுவ உடையில் ஓர் இளைஞனின் படம் இருந்தது, அதற்கு முன்னால் சின்ன மின்விளக்கு. "மல்லி" என்றார். தம்பி. அதற்கு மேல் அவரும் பேசவில்லை. நான் விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னேன். அவர் உடனே எழுந்து வந்து இரும்பைத் தன் வீட்டுக்குக் கொண்டு போனார். "அக்காவுக்குப் பயமென்றால் முதலே சொல்லியிருக்கலாமே" என்று வருத்தப்பட்டார். ஆமிக் கலர் வேண்டாம், மரத்தின் நிறமே போதும் என்றும் சொன்னார்.

அதன்பின் அந்த வீட்டுக்கு வந்தது மரம் மட்டும்தான். பூசிய பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெளியே விறகுக் கொட்டிலில் வைத்து அவன் வேலை செய்தான். முடிந்ததும் ஐயாவின் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தான். இரும்பைப் பூட்டும் வேலையை ஐயா பார்த்துக்கொண்டார்.

இதில் சட்ட விஷயமும் இருக்கிறது. நம் நாட்டில் துவக்குகள் பற்றி 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் உண்டு. காற்றுத் துவக்குதானே என்று யாரும் அலட்சியமாக இருக்கக்கூடாது. இன்னொருவருடைய ஆயுதத்தை வீட்டில் வைத்திருப்பதற்கு முன், அல்லது திருத்த வாங்குவதற்கு முன், பொலிஸ் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் பாதிக்கப்படப்போவது நம் பிள்ளைகள்தான். வெறும் மரத்துண்டு வீட்டில் இருந்தால் யாருக்கும் பயமில்லை, தாய்க்கும் நித்திரை வரும்.

அரக்கு வேலை சொல்லும் பாடம்

கண்டி அரசு 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அரண்மனைக்கு ஆயுதமும் அணிகலனும் செய்து கொடுத்த 'பட்டல்' எனப்படும் அரச பட்டறைகளுக்கு ஆதரவு இல்லாமல் போனது. தந்தம் பதித்த துவக்குக் கட்டை கேட்க யாரும் இல்லை. ஆனால் கைவேலை முழுவதும் அழியவில்லை. ஈட்டிக் காம்புக்கு அரக்குப் பூசத் தெரிந்த கைக்குக் கைத்தடிக்கும், சிமிழுக்கும், விசிறிக் காம்புக்கும், ஏட்டுச் சுவடியின் மரப் பலகைக்கும் பூசத் தெரியாதா? மாத்தளைப் பக்கத்தில் பல்லேஹப்புவிட கிராமத்தில் இந்த அரக்கு வேலை இன்றும் பெயர்பெற்றது.

அரக்கு என்பது மரக்கிளையில் ஒட்டி வாழும் ஒரு சின்னப் பூச்சியின் பிசின். அதைத் தூளாக்கிக் கரி நெருப்பில் இளக்கி, இழுத்து இழுத்து வர்ணம் சேர்ப்பார்கள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு, பச்சை ஆகியவைதான் முக்கிய நிறங்கள். இளகிய அரக்கை நூல் போல நீட்டி, மரத்தில் வைத்துப் பெருவிரல் நகத்தால் அறுத்துப் பூவும் கொடியும் போடுவார்கள். சிங்களத்தில் இதற்கு 'நியபொத்து வெட', அதாவது நகவேலை என்று பெயர். தூரிகை தேவையில்லை. கடைசியில் தாளிப்பனை ஓலையால் தேய்த்து மினுக்குவார்கள். கண்டி வாவிக் கரையில், தலதா மாளிகைக்கு அருகில் 1882இல் தொடங்கப்பட்ட கண்டிய கலைச் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. இவ்விதமான கைவேலைகளைக் காப்பாற்றத்தான் அந்தச் சங்கம் தொடங்கப்பட்டது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: ஆயுதம் கைவிட்டுப் போனாலும் கையின் திறமை போகவேண்டியதில்லை. துவக்குக் கட்டையைத் தேய்க்கத் தெரிந்த பிள்ளைக்கு மண்வெட்டிப் பிடி, கத்திப் பிடி, அகப்பைக் காம்பு, கைத்தடி, படச்சட்டம், தையல் மெசின் பலகை எல்லாவற்றையும் புதுப்பிக்கத் தெரியும். கேட்கிறவர்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

வீட்டில் மரவேலை செய்பவர்களுக்கு

இந்த வேலை பெண்களுக்கும் முடியும். கொட்டிலும் ஒரு மேசையும் போதும். கவனிக்க வேண்டியவை:

1. பழைய பெயின்றைத் தேய்க்கும்போது எச்சரிக்கை வேண்டும். அதில் ஈயம் இருக்கலாம். வறட்டுத் தேய்ப்பாகத் தேய்த்தால் தூள் நெஞ்சுக்குள் போகும். தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கிட்ட வரக்கூடாது.

2. சான்ட் பேப்பரை ஒழுங்காகப் பாவியுங்கள். முதலில் 80, பிறகு 120, 180, 240. எப்போதும் மரத்தின் ரேகை போகும் திசையில் தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்த கீறல் வார்னிஷ் பூசிய பிறகுதான் பளிச்செனத் தெரியும்.

3. 240 முடிந்ததும் ஈரத் துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிடுங்கள். மரத்தின் சுனை எழும்பி நிற்கும். அதன்பின் 400ஆல் மெல்லத் தேய்த்தால் பட்டுப்போல வரும்.

4. மஹோகனித் தூள் சிலருக்குத் தும்மலும் தோல் அரிப்பும் தரும். மூக்கு வாயை மூடிக் கட்டி, வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

5. லின்சீட் எண்ணெய் பூசுவதானால் மெல்லிய பூச்சாகப் பூசி, 15 நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்ததைப் பூசுங்கள். மூன்று, நான்கு பூச்சு வேண்டும். மழைக் காலத்தில் கண்டியில் காய்வதற்கு இன்னும் நாட்கள் எடுக்கும். அவசரப்பட்டால் பிசுபிசுக்கும்.

6. இது மிக முக்கியம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

7. தின்னர், வார்னிஷ் போத்தல்களை அடுப்புக்குக் கிட்ட வைக்காதீர்கள். குடிக்கும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவே கூடாது.

8. பழைய அரக்கு வேலையில் சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம் பாவித்தார்கள். முதலாவதில் பாதரசம், இரண்டாவதில் ஆசனிக் நஞ்சு. பார்க்க அழகுதான். ஆனால் வீட்டில் அவற்றை அடுப்பில் வைத்துச் சூடாக்க வேண்டாம்.

9. மரம், எண்ணெய், சான்ட் பேப்பர் வாங்கிய செலவையும் எத்தனை மணி நேரம் வேலை செய்தீர்கள் என்பதையும் கொப்பியில் எழுதுங்கள். நம் பெண்கள் சாமான் விலையைக் கணக்கெடுப்பார்கள். தங்கள் கையின் கூலியை மட்டும் மறந்துவிடுவார்கள்.

கடைசியாகப் போனபோது

சென்ற மாதம் அந்த வீட்டுக்குப் போனேன். கொட்டிலில் மகன் இன்னொரு துவக்குக் கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ஐயா சொல்லி, பக்கத்து ஊரிலிருந்து வந்ததாம். மரம் மட்டும்தான் வந்திருந்தது. பக்கத்தில் இரண்டு மண்வெட்டிப் பிடிகளும் ஒரு கைத்தடியும் சாய்ந்திருந்தன.

அக்கா தேத்தண்ணீர் கொண்டு வந்தார். மகனிடம் ஒரு கோப்பையை நீட்டினார். திரும்பும்போது ஒரு கணம் நின்றார். அந்தக் கட்டையின் கழுத்துப் பக்கத்தில் ஒரு விரலை மட்டும் வைத்து மெல்லத் தடவினார்.

"இந்த இடம் இன்னும் சுனைக்குது. வடிவாத் தேய்" என்றார்.

மகன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் பேசவில்லை. அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அவருடைய பயம் போய்விட்டது என்று நான் எழுதமாட்டேன். இரவில் அந்தக் கட்டைக்கு மேலே சாக்குப் போட்டு மூட வேண்டும் என்பது இன்னும் அந்த வீட்டின் சட்டம். மகனும் மறக்காமல் மூடுகிறான். ஏன் மூடுகிறோம் என்று இப்போது அவனுக்குத் தெரியும்.

உங்கள் வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் வைத்திருக்கும் ஒரு தோள்பட்டை இருக்கலாம். முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. "எனக்கு இதைக் கண்டால் பயம், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். எதைக் கழற்றி வெளியே வைக்கலாம், எதை வீட்டில் வைத்திருக்கலாம் என்று பிறகு சேர்ந்து யோசிக்கலாம்.

உங்கள் அனுபவங்களை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.